வாய்க்குப் பக்கத்தில் இருப்பது

அந்த வருசத் தவக்காலத்தில் சிஸ்டர் பெனிக்னா ஆட்டு ஈரலைக் கேட்டுக்குள் விடாததால்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று செங்குளத்தூர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்; ஆரம்பித்து வைத்தது யார் என்று சொல்லிவிட்டால் நடத்தி முடித்தது யார் என்ற கேள்வி வராது பாருங்கள், அந்தச் சாமர்த்தியம் அந்த ஊருக்கு நிரம்ப உண்டு.

புனித அகத்தம்மாள் மகளிர் கல்லூரியில் மூன்றாம் வருட விலங்கியல் பிள்ளைகளுக்கு மாலிக்யூலர் பயாலஜி எடுக்கும் தமயந்தி மிஸ், வருசா வருசம் அதே மாதத்தில் கறிக்கடையிலிருந்து ஆட்டு ஈரல் வாங்கி வரச்சொல்லி, அதை அரைத்து வடிகட்டி, உப்பும் பாத்திரம் துலக்குகிற சோப்பும் சேர்த்து, மேலே ஐஸில் வைத்த ஸ்பிரிட்டைக் கண்ணாடியோரமாகச் சரித்து ஊற்றிவிட்டு, “இப்ப வெள்ளையா நூல் மாதிரி ஒண்ணு எழும்பி வரும். அதுதான் டிஎன்ஏ. உங்க மூக்கு முழியெல்லாம் அதுலதான் இருக்கு” என்பாள். ஒன்றும் எழும்பாது. ஈரல் நாறும். பிள்ளைகள் சீனியருடைய ரெக்கார்டைப் பார்த்து ‘வெண்ணிற இழைகள் காணப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். அந்த லேபில் எந்தப் பரிசோதனையும் ஒருநாளும் முடிவு காட்டியதில்லை, காட்டவில்லையே என்று யாரும் விசாரப்பட்டதும் இல்லை.

“சாம்பல் புதன்லருந்து ஈஸ்டர் வரைக்கும் காம்பவுண்டுக்குள்ள கறி வரக் கூடாது, டாக்டர் தமயந்தி” என்றார் முதல்வரம்மா சிஸ்டர் பெனிக்னா, கேட்டில் நின்று ஈரல் பையை மூக்குக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு.

“இது திங்கதுக்கு இல்ல சிஸ்டர். சிலபஸ்.”

“சிலபஸ் யுனிவர்சிட்டிக்கு. தவக்காலம் ஆண்டவருக்கு.”

பிள்ளைகள் பார்க்க, வாட்ச்மேன் பார்க்க, கேட்டில் வைத்துப் பேச்சு வாங்கிய தமயந்தி, வாங்கியதை யாரிடமாவது இறக்கி வைக்காமல் இருக்கிற ரகம் இல்லை. லேபுக்குள் வந்ததும் அவள் கண் நேராக உச்சிமாகாளியிடம் போய் நின்றது. பீடி சுற்றுகிறவளுடைய மகள், பஸ் போகாத ஊர்க்காரி, எத்துப்பல்காரி, எல்லாவற்றுக்கும் மேலே வாய்க்காரி. ஒரு உடம்பில் இருக்கிற நூலையெல்லாம் நீட்டினால் சூரியனுக்குப் போய்த் திரும்பி வரலாம் என்று தமயந்தி பாடம் எடுத்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து, “அப்போ எங்க ஊருக்கு மட்டும் ஏன் மிஸ் ஒரு டவுன் பஸ் வர மாட்டேங்கு?” என்று கேட்டவள். அந்தக் கேள்விக்கு வகுப்பு சிரித்த சிரிப்பை மிஸ் மறக்கவே இல்லை. அந்த செமஸ்டர் உச்சிமாகாளியின் இன்டர்னல் மார்க்கில் அந்தச் சிரிப்பு அப்படியே கழிந்தது.

“ஈரல் இல்லாட்டா என்ன, வாய் இருக்குல்லா” என்றாள் தமயந்தி. “இந்த கிளாஸ்ல யாருக்கு வாய் பெருசோ அவ வரட்டும்.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. உச்சிமாகாளி எழுந்து வந்து, உப்புத்தண்ணீரை வாயில் ஊற்றிக் கன்னத்தைப் பல்லால் சுரண்டிக் கொப்பளித்து, கேன்டீன் டம்ளரில் துப்பினாள். சோப்பு ஒரு சொட்டு விழுந்தது. ஸ்பிரிட் சரிந்தது. அந்த லேபின் சரித்திரத்தில் முதல்முறையாக, வெள்ளையாக, இடியாப்பத்தைவிட மெல்லிசாக, ஒரு நூல் எழும்பி வந்தது. தமயந்தி அதைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்தாள். வந்தது. இன்னும் சுற்றினாள். இன்னும் வந்தது. குச்சி நிரம்பி, ஸ்டூல் கால்களில் சுற்றி, ஜன்னல் கம்பியில் போட்டு, மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி வந்துகொண்டே இருந்தது. ஒரு எச்சில் டம்ளருக்குள் இத்தனை நூல் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

“மிஸ், இது எக்ஸாம்ல வருமா?” என்று முதல் பெஞ்சுக்காரி கேட்டாள்.

“வரும். அஞ்சு மார்க்.”

“எனக்குக் கூசுது மிஸ்” என்றாள் உச்சிமாகாளி.

அடுத்த டியூபில் போடுவதற்கு ஒரு துண்டு வேண்டும் என்று செய்முறையில் இருந்ததால், தமயந்தி யாரோ ஒருத்தியின் ஹேண்ட்பேக்கில் இருந்த புருவக் கத்தரியை வாங்கி, கைக்கு வந்த இடத்தில் ஒரு துண்டு வெட்டினாள். வெட்டிய இரண்டு முனைகளையும் ஒட்டுவதற்கு உரிய நொதியைக் கல்லூரி எந்தக் காலத்திலும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதனால், சின்ன வயசில் மார்கழி மாதம் முழுக்கக் கோயிலுக்குப் பூக்கட்டிய கை தானாகப் போய், பூக்கட்டுகிற முடிச்சையே போட்டது. நூலைச் சுருட்டி உப்புத்தண்ணீரில் போட்டு, “குடி” என்றாள். குடித்துவிட்டு நிமிர்ந்த உச்சிமாகாளியின் பற்கள் வெள்ளைக் கோலம் மாதிரி ஒரே வரிசையில் இருந்தன.

சாயங்காலம் தெருமுனையில் நின்று விசிலடித்து ஆடுகளைக் கூப்பிடப் போனபோதுதான் உச்சிமாகாளிக்கு விசில் வரவில்லை என்று தெரிந்தது. மறுநாள் வந்து சொன்னாள். தமயந்தி போர்டில் ஒரு நீளக் கோடு போட்டு, அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, “லிங்கேஜ். நூல்ல பக்கத்துல பக்கத்துல இருக்கது சேந்தே வரும், சேந்தே போகும். எத்துப்பல்லுக்குப் பக்கத்துல விசில் இருந்திருக்கு, அது போச்சு. எழுதிக்கோங்க” என்றாள். எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அதே டம்ளரில் ஒவ்வொருத்தியாகத் துப்பியும் பார்த்தார்கள்.

வீடுகளிலிருந்து முதலில் வந்தது அம்மாக்களின் ஆத்திரம். நூல் எடுத்ததற்கு இல்லை, எச்சிலுக்கு. ஒரு பிள்ளை துப்பிய டம்ளரில் இன்னொரு பிள்ளை துப்புவதா, அது எந்தத் தெருப் பிள்ளையோ, யார் வீட்டு எச்சிலோ என்று கும்பலாக வந்து நின்றவர்கள், உச்சிமாகாளியின் பல்லைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, அவரவர் டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவது என்று தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்து, மறுநாள் டம்ளரோடு மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் பித்தளை டம்ளர் வந்தது, வெள்ளி டம்ளர் வந்தது, பெயர் வெட்டிய வெள்ளி டம்ளர் பாத்திரக்கடைகளில் தனி அலமாரிக்கே வந்துவிட்டது. சிஸ்டர் பெனிக்னா பங்குச்சாமியாரோடு கலந்து பேசி, நூல் மாமிசம் ஆகாது என்றும், ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வெட்ட வேண்டாம் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

நிறம் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். “கொஞ்சம் வெளுத்தாப்ல, மிஸ், ரொம்ப வேண்டாம், சந்தேகப்படுவாவ.” உயரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், மாப்பிள்ளை குட்டையாம். நெற்றியைச் சுருக்கச் சொன்னார்கள். ஒருத்தி தன் மகளுக்கு மாமியார் சாயல் அடிக்கிறது, அதைப் பார்க்கப் பார்க்க ரத்தம் கொதிக்கிறது, சாயலை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று கெஞ்சினாள். தமயந்தி நூலை விரலில் ஓடவிட்டு, எந்த இடம் எது என்று தடவியே கண்டுபிடிக்கப் பழகினாள்: நிறம் இருக்கிற இடம் வெதுவெதுப்பாக இருக்கும், உயரம் இருக்கிற இடம் விறைப்பாக நிற்கும், சிரிப்பு இருக்கிற இடம் விரலுக்கடியில் துள்ளும். வெட்டுவாள், பூமுடிச்சுப் போடுவாள், குடிக்கச் சொல்லுவாள். நிறம் போனவளுக்கு நாய்ப் பயம் சேர்ந்து போய், வெளுத்த கையை நீட்டித் தெருநாயிடம் கடி வாங்கினாள். உயரம் குறைந்தவளுக்குத் தேங்காயின் ருசி தெரியாமல் போனது. சத்தமாகச் சிரிக்கிறாள் என்று வெட்டப்பட்டவளுக்கு அதற்கப்புறம் கனவே வரவில்லை. “கனவு என்னத்துக்கு? நல்லாத் தூங்கட்டும்” என்றாள் அவளைப் பெற்றவள். வெட்டிய துண்டுகளை லேப் சிங்கில் தண்ணீர் விட்டு அனுப்பினார்கள். பின்பக்கம் சாக்கடையோரம் நின்ற பப்பாளி மரம் காற்றில்லாத மத்தியானங்களில் சத்தமாகச் சிரித்தது, வாட்ச்மேன் அதற்கும் பழகிக்கொண்டார்.

ஜாதகத்தோடு தரகர்கள் ‘நூல் பாத்தாச்சா?’ என்று சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். அப்புறம் ஒரு வீட்டில், கல்யாணம் முடிந்ததும் வெட்டிய துண்டை மறுபடி முடிந்துகொண்டு பழைய நிறத்தோடு மருமகள் வந்து நின்றாள் என்று ஒரு பேச்சு வந்தது, உண்மையோ பொய்யோ, அதோடு சிமிழ் வழக்கம் வந்தது. வெட்டிய துண்டைக் குங்குமச் சிமிழில் போட்டு, நிச்சயதார்த்தத் தாம்பாளத்தில், தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவில் வைத்து மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். பெண்ணிடமிருந்து எடுத்தது இனி பெண்ணிடம் போகாது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, காலங்காலமாக இருந்ததுபோல் எல்லாரும் செய்தார்கள்.

ஒன்றை மட்டும் தமயந்தி வெட்ட மாட்டேன் என்று வைத்திருந்தாள்: வாய். எத்தனையோ அம்மாக்கள் கேட்டார்கள். “பாக்கியெல்லாம் வெட்டுதேன். வாயத் தொட மாட்டேன். எதுக்குப் பக்கத்துல எது இருக்குன்னு எனக்கே தெரியாது” என்று விரட்டினாள். அதற்கு அவள் வெளியில் சொல்லாத காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. அவள் மகள் கயற்கண்ணி.

கயலும் தமயந்தியும் ஒரே வீட்டுக்குள் இரண்டு கத்தி. காபியில் ஆரம்பித்துப் படுக்கிற பாய் வரைக்கும் அம்மாவும் மகளும் வெட்டிக்கொள்வார்கள். “எம்மா, உன் சாம்பார்ல பருப்பு நீச்சலடிச்சுக் களைச்சுப் போச்சு.” “நீ வந்து கரை ஏத்தி விடேன், கையில என்ன மருதாணியா?” மின்வாரியத்தில் வேலை பார்த்த அப்பா சபாபதி பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். அந்த வீட்டில் அதுதான் கொஞ்சல். தமயந்திக்கு உலகத்தில் சமமாக நின்று பதில் சொல்ல ஒரு ஆள் உண்டென்றால் அது அவள் பெற்ற பிள்ளை ஒன்றுதான், வகுப்பில் யார் வாயைத் திறந்தாலும் மார்க்கில் கைவைக்கிற அந்தப் பொம்பளை, மகள் வாயைத் திறந்தால் மட்டும் உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

அந்தக் கயல் தானாகப் பார்த்து விரும்பியது டாக்டர் நெல்லையப்பனை. நல்ல பிள்ளை. அவனுக்குச் சொந்தமாக ஒரு அபிப்பிராயமும் கிடையாது என்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. “அம்மா சரின்னுட்டா எனக்கும் சரி” என்றான். அவன் அம்மா சௌந்தரவல்லி, ஊரில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறவள், வந்து உட்கார்ந்து, கேசரியைக் கரண்டி நுனியால் தொட்டுவிட்டுச் சொன்னாள்:

“நிறம் இருக்கு. படிப்பு இருக்கு. தெரிஞ்ச குடும்பம். வாய்தான் சம்பந்தி ஒரு சாண் கூடுதல். உங்க கைவேலைதானே, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தீங்க. துண்ட சிமிழ்ல வச்சுத் தந்துருங்க, தேதி குறிச்சுருவோம்.”

தமயந்தி கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் புத்தி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சிமிழுக்கு ஒரு வாய் வேண்டும். அது யார் வாய் என்று துண்டைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

மறுநாள் வகுப்பு முடிந்ததும் உச்சிமாகாளியை நிறுத்தினாள்.

“உனக்கு இன்டர்னல் எவ்வளவு வேணும்?”

“என்ன மிஸ், கடையில தேங்கா விலை கேக்கது மாதிரி கேக்கீங்க?”

“இந்த மார்க்க வச்சுக்கிட்டு உனக்கு பி.எட். கிடைக்காது. தெரியும்லா?”

“தெரியும் மிஸ். போட்டவுங்களுக்கும் தெரியும்.”

“முழுசாப் போடுதேன். அந்த வாய் எனக்கு வேணும்.”

உச்சிமாகாளி கையிலிருந்த டியூபைச் சிங்கில் கழுவிக் கவிழ்த்தாள். “இந்த வாய வச்சு நான் என்னத்த வாங்கினேன் மிஸ்” என்றாள். “எங்கம்மைட்ட அடி, பஸ்காரன்ட்ட ஏச்சு, உங்ககிட்ட முட்டை. எடுத்துக்கிடுங்க. ஆனா ஒண்ணு, மிஸ், யாருக்கு மாட்டப் போறீங்களோ தெரியல, அவ்வொகிட்ட சொல்லிருங்க, காரம் ஜாஸ்தின்னு.”

அவள் சொந்த வாயால் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். நூலை ஓடவிட்ட தமயந்தியின் விரலை ஓரிடம் நறுக்கென்று கடித்தது. அங்கே வெட்டினாள். முடிந்தாள். உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு உச்சிமாகாளி முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க மிஸ், நான் கிளம்பட்டுங்களா?” என்றாள். துண்டு சிமிழுக்குள் சுருண்டு சுருண்டு அடித்துக்கொண்டது.

ரெண்டு நாளில் உச்சிமாகாளியின் அம்மா, பீடியிலைத் தூள் ஒட்டிய விரலோடு, லேப் வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், எம்பிள்ள என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டேங்கா. ‘நீங்க யாருங்க’ன்னு கேக்கா. ‘நான் உங்கம்மைளா’ன்னா, ‘அப்படிங்களா, திண்ணையில உக்காருங்க, எங்க அம்மா வந்துருவாவ’ன்னு சொல்லிச் செம்புல தண்ணி கொண்டாந்து தாரா.”

தமயந்தியின் கை டியூபோடு அப்படியே நின்றது. போர்டில் அவள் போட்ட கோடும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. வாய்க்குப் பக்கத்தில் இருப்பது எது என்று அவளுக்கு அந்த நிமிசம் தெரிந்துபோயிற்று.

“மரியாதையாத்தானே கேக்கா” என்றாள்.

“மரியாத வேண்டாம் மிஸ். பழையபடி ஏசட்டும். அந்தத் துண்டக் குடுங்க, நானே முடிஞ்சுக்கிடுதேன். பீடிக்கு நூல் சுத்துத கைதான.”

“சிங்க்ல போயிட்டு” என்றாள் தமயந்தி. சிமிழ் அவள் ஹேண்ட்பேக்கில் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று கயல் பட்டுச்சேலையில், தலையைக் குனிந்து, வாயில் ஒரு கொட்டைப்பாக்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச வந்தால் பாக்கைக் கடி என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். சிமிழ் தாம்பாளத்தில் போய்ச் சேர்ந்தது. சௌந்தரவல்லி அதை மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணின் மௌனத்தை நாலாபக்கமும் பார்த்துத் திருப்திப்பட்டு, கூட்டத்துக்குக் கேட்கிறமாதிரி ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டுல சமையலுக்கு ஆள் வைக்க மாட்டோம். எம்பையனுக்குக் கொதிக்கக் கொதிக்க இருந்தாத்தான் சாப்பாடு இறங்கும். கல்யாணமான நாள்லருந்து நான் அடுப்ப விட்டு நகந்ததே கிடையாது.”

கயல் பாக்கைக் கடித்தாள். பாக்கு உடைந்தது.

“அதான் அத்தை, பாத்தாலே தெரியுது” என்றாள். “நல்லாக் கருகிட்டீங்க.”

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தன்னை மறந்து சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். பாருங்கள், தமயந்தியின் உதட்டோரமும் கொஞ்சம் மேலே போனது, அவளால் அடக்க முடியவில்லை, அதை சௌந்தரவல்லி பார்த்துவிட்டாள்.

சௌந்தரவல்லி கோபப்படவில்லை. சிமிழைத் திறந்து, இரண்டு விரலால் துண்டைத் தூக்கிப் பிடித்து, “அப்போ இது யார் வாய், சம்பந்தி?” என்று கேட்டாள். “நாளைக்குக் காலைல காலேஜுக்கு வாரேன். எங்கண்ணு முன்னால வெட்டுங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, ஊர்ல இருக்க எல்லாச் சிமிழையும் திறந்து பாக்கச் சொல்லுதேன். எத்தனை மருமகளுங்க பொறந்த வீட்டுக்கு வாராளுவன்னு நீங்களே வாசல்ல நின்னு எண்ணிக்கிடுங்க.”

எல்லாரும் போனபிறகு, இலைகள் எடுக்காத கூடத்தில், தமயந்தி மகளிடம் சொன்னாள். வேறெந்தப் பேச்சிலும் அவள் இவ்வளவு தடுமாறியதில்லை.

“கயல், வேண்டாம். வாய் வெட்டினா என்னைய மறந்துருவ. அந்த பீடிக்காரி மகளுக்கு அப்படித்தான் ஆச்சு.”

கயல் நெத்திச்சுட்டியைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். “உன்னைய மறக்கதுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் பத்தாங்கிளாஸ்லயே வந்து உக்காந்திருப்பேனே.”

“விளையாட்டில்ல, ஏளா.”

“ஊரான் பிள்ளைக்கு வெட்டும்போது லிங்கேஜ், எனக்கு வெட்டும்போது மட்டும் அம்மாவா?” சிரிப்பு நின்றுவிட்டது. “எனக்கு அவன் வேணும். இந்த வாயால ஒரு கல்யாணம் நிக்கப்போகுதுன்னா, இது எனக்கு வேண்டாம். எடுத்துரு. நீ குடுத்ததுதானே, நீயே எடுத்துக்கோ.”

அந்தப் பேச்சு நெஞ்சில் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே சரியாக இறங்கியது. அப்படி இறக்குவதற்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று தமயந்திக்குத் தெரியும். சபாபதி பேப்பருக்குப் பின்னாலிருந்து, “நீ பாத்துக்கோ” என்றார்.

காலையில் லேபில் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள், பிராக்டிகல் நாள். சௌந்தரவல்லி யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை, இருக்கட்டும், படிக்கிற பிள்ளைகள்தானே என்றாள். முதல் காரியமாகச் சிமிழைத் திறந்து, “போலிச் சரக்கு” என்று துண்டைச் சிங்கில் தட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். அது சுழன்று, ஓட்டையின் விளிம்பை ஒரு கணம் பற்றிக்கொண்டு, போய்விட்டது. சௌந்தரவல்லி குழாயைச் சரியாக மூடவில்லை. பக்கத்து மேஜையில் வேலை செய்துகொண்டிருந்த உச்சிமாகாளி, தண்ணீர் வீணாகிறதே என்று எழுந்து வந்து, “மன்னிச்சுக்கிடுங்க அம்மா” என்று சொல்லிக் குழாயை இறுக்கி மூடிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கயல் கொப்பளித்துத் துப்பினாள். நூல் வந்தது. ஸ்டூல் கால்களிலும் ஜன்னல் கம்பியிலும் ஏறி இறங்கி வந்துகொண்டே இருந்த அதைத் தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஓடவிட்டாள், வெதுவெதுப்பைத் தாண்டி, விறைப்பைத் தாண்டி, துள்ளுகிற இடத்தைத் தாண்டி. விரலை நறுக்கென்று கடித்த இடத்தில் நின்றாள். அதற்கு இந்தப் பக்கம் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தாள். அங்கே தமயந்தியே இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்த சின்னப் பிள்ளையைத் தெருவே கேட்கத் திட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே அதன் முகத்தைத் தன் சேலையால் துடைத்துக்கொண்டு. கடிக்கிற இடத்துக்கும் துடைக்கிற இடத்துக்கும் நடுவில் கத்தரி நுனியை நுழைக்கப் பார்த்தாள். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், இத்தனை பேருக்கு வெட்டின கை, பிரித்துவிடும். இடைவெளி இல்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கிடந்தன.

“இன்னும் கொஞ்சம் தள்ளியே வெட்டுங்க சம்பந்தி” என்றாள் சௌந்தரவல்லி குனிந்து பார்த்து. “வேரோட போகட்டும்.”

“சீக்கிரம்மா” என்றாள் கயல் எரிச்சலோடு. “வகுப்பு எடுக்கும்போதும் இப்படித்தான் இழுப்பியா?”

தமயந்தி வெட்டினாள்.

பூக்கட்டின கை முடிச்சைப் போட்டது. நூலைச் சுருட்டி உப்புத்தண்ணீரில் போட்டுக் கொடுத்தாள். கயல் ஒரே மூச்சில் குடித்தாள். துண்டு சிமிழுக்குப் போனது, சிமிழ் சௌந்தரவல்லியின் கைப்பைக்குப் போனது, கைப்பையின் ஜிப் மூடிக்கொண்டது.

“கிளம்பலாங்களா அத்தை?” என்றாள் கயல். குரல் அதேதான், உள்ளே ஒன்றும் இல்லாமல் மெத்தென்று இருந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, வெள்ளைக் கோட்டுப் போட்டு எதிரில் நின்ற பெண்மணியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“ரொம்ப நன்றிங்க மிஸ்.”

பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்வதற்குத் தமயந்தியிடம் எத்தனையோ இருந்தன. வாயைத் திறந்தால் வந்தது என்னவோ, அத்தனை வருசமாக அந்த லேபில் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான்.

“டம்ளரக் கழுவி வச்சுட்டுப் போ.”

“சரிங்க மிஸ்” என்று கயல் சிங்குக்குப் போய், டம்ளரை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தாள். பிறந்த நாளிலிருந்து அம்மா சொன்ன ஒன்றை எதிர்த்துப் பேசாமல் அவள் செய்தது அதுதான் முதல் தடவை.